தொண்ணூற்றாறில் கொதித்த தண்ணீர்

குடுவையில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அதில் தொங்கிய தெர்மாமீட்டர் தொண்ணூற்றாறில் நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை.

"ஏறுமுங்க. இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

"கால் மணி நேரமா இதையேதான் சொல்றீங்க" என்றாள் பழனியம்மா. "தண்ணி பாதி ஆவியாப் போச்சு. பாதரசம் உக்காந்த எடத்த உட்டு எந்திரிக்க மாட்டேங்குது."

மாலை ஐந்து மணி இருக்கும். கொல்லிமலையில் ஓர் அரசுப் பள்ளியின் இயற்பியல் ஆய்வகம். பிள்ளைகள் போய்விட்டார்கள். திறந்திருந்த ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்து மேசைகளுக்கு நடுவில் நின்றது. ஸ்பிரிட் விளக்கின் வாசனையும் ஈரச் சுவரின் வாசனையும் கலந்து மூக்கில் ஏறியது.

பழனியம்மா அந்த ஆய்வகத்தின் உதவியாளர். நான் கரண்ட் ஆபீஸ் வயர்மேன். இருவருக்கும் முப்பது தாண்டிப் பல வருடம் ஆகியிருந்தது. இருவரும் ஒரு காலத்தில் பொறியியல் படித்தவர்கள். இருவருக்கும் ஒரே ஒரு பேப்பர் பாக்கி நின்று பட்டம் வராமல் கிடந்தது. அந்தப் பேப்பர் முதல் செமஸ்டர் இயற்பியல்.

அவள் விளக்கை அணைத்தாள். அலமாரியிலிருந்து ஸ்டாக் ரிஜிஸ்டரை எடுத்தாள். "தெர்மாமீட்டர், ஒன்று, பழுது" என்று சிவப்பு மையில் எழுதினாள்.

"இது ஒம்பதாவதுங்க" என்றாள்.

"எந்தக் களவாணிப் பய செய்யறான் இந்தத் தெர்மாமீட்டர?" என்று கத்தினேன். எனக்குக் கத்தத்தான் தெரியும்.

இந்தத் தொடரில் இதுவரை மழையில் அறுந்த கம்பி, கம்பத்தில் சுருண்டு கிடந்த பாம்பு என்று எழுதி வந்தேன். இந்த வாரம் அதெல்லாம் இல்லை. கோபத்தைக் கொஞ்சம் குறைத்து எழுதுங்கள் என்று பத்திரிகையிலிருந்து சொன்னார்கள். முடியாது. பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

பதினாறு மார்க் லேசர்

நான் படித்தது கீழே ஒரு தனியார் கல்லூரி. பெயர் வேண்டாம். வாசலில் பெரிய நீரூற்று இருந்தது. இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு லேசர் இருந்தது. அது எப்போதும் பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. வெளியிலிருந்து பார்வையிட யாராவது வந்தால் எடுத்துத் துடைத்து வைப்பார்கள். போனதும் பூட்டிவிடுவார்கள்.

லேசர் எப்படி வேலை செய்கிறது என்பது பதினாறு மார்க் கேள்வி. நான்கு பக்கம். படத்தோடு மனப்பாடம் செய்தேன். இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் முதல் பக்கத்தை ஒப்பிப்பேன். ஆனால் லேசர் வெளிச்சத்தை நான் முதன்முதலில் கண்ணால் பார்த்தது ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில். சாவிக்கொத்தோடு சேர்த்துப் பத்து ரூபாய்க்கு விற்றார்கள்.

முறுக்கு ஊசல் என்று ஒரு சோதனை உண்டு. ஒரு கம்பியில் கனமான தட்டு தொங்கும். அதைத் திருகி விட்டால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழன்று ஆடும். எத்தனை ஆட்டத்துக்கு எத்தனை நொடி என்று எண்ணி, கம்பியின் விறைப்பைக் கணக்கிட வேண்டும். எங்கள் வகுப்பில் யாரும் எண்ணவில்லை. சீனியர் நோட்டைப் பார்த்து எழுதினோம். சீனியர், அவருடைய சீனியர் நோட்டைப் பார்த்து எழுதியிருந்தார். அந்தத் தட்டை உண்மையில் கடைசியாகத் திருகி விட்ட ஆள் யாரென்று அந்தக் கல்லூரியில் ஒருவருக்கும் தெரியாது.

ஒருமுறை நான் எண்ணினேன். விடை வேறு மாதிரி வந்தது. ஆசிரியர் நோட்டைப் பார்த்துவிட்டுக் குறுக்கே கோடு போட்டார். "என்ன விடை வரணும்னு தெரியும்ல? அதுக்குத் தக்க ரீடிங் எழுது" என்றார்.

அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றும். ஆனால் அவரை மட்டும் திட்டினால் நான் யோக்கியன் ஆகிவிட மாட்டேன். அன்றைக்குப் பிறகு நானும் அவர் சொன்னபடிதான் எழுதினேன். எண்ணுவதைவிட அது சுலபம்.

மற்ற எல்லாப் பேப்பரும் எப்படியோ தாண்டிவிட்டேன். இயற்பியல் மட்டும் ஒவ்வொரு முறையும் காலை வாரிவிட்டது. கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் போதும், என் மனப்பாடம் அதில் பொருந்தாது. பதினோரு முறை எழுதினேன். பதினோரு முறையும் போனது.

அப்பா மின்வாரியத்தில் வேலையில் இருக்கும்போதே இறந்தார். அந்த வாரிசு வேலை எனக்கு வந்தது. மலைக்குப் போட்டார்கள். இடுப்பில் பெல்ட்டோடும் தோளில் கயிற்றோடும் மலையடிவாரத்தில், காரவள்ளியில் பஸ் ஏறினேன்.

கடைசி வாய்ப்பு

பழைய அரியர் வைத்திருப்பவர்களுக்குப் பல்கலைக்கழகம் ஒரு கடைசி வாய்ப்புக் கொடுப்பதாகப் பேப்பரில் வந்தது. இதை விட்டால் இனி எழுதவே முடியாது. பாஸ் ஆனால் எனக்குப் பட்டம் வரும். பட்டம் இருந்தால் துறைக்குள்ளேயே பொறியாளர் ஆகலாம். கீழே போகலாம். தோற்றால் ஓய்வு பெறும் வரை கம்பம்தான்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளி ஆய்வகத்தில் கரண்ட் இல்லை என்று கூப்பிட்டார்கள். ஃபியூஸைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். மேசைமேல் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் இருந்தது. அட்டை இல்லாவிட்டாலும் எனக்கு அது தெரியும். என் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடந்தது. பொறியியல் இயற்பியல், முதலாம் ஆண்டு.

"இது யாரோட புக்குங்க?" என்றேன்.

"என்னோடது. ஏனுங்க?"

"உங்களுக்கு எத்தன அரியரு?"

அவள் முறைத்தாள். "மொதமொதல்ல பாக்கற பொம்பளகிட்ட கேக்கற கேள்வியா இது?"

"எனக்கு ஒண்ணுங்க."

அவள் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "ஃபிசிக்ஸுங்களா?" என்றாள்.

"ஃபிசிக்ஸ்தான்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வயது போன இரண்டு பேர், முதல் செமஸ்டரைத் தாண்டாதவர்கள், அணைந்து அணைந்து எரிந்த ட்யூப்லைட்டின் கீழே நின்று சிரித்தோம்.

பழனியம்மாவுக்கு ஊர் அதே மலையில், தேவனூர் நாட்டில். வீட்டில் மரவள்ளியும் மிளகும் போட்டிருந்தார்கள். அவளுடைய ஊரிலிருந்து பொறியியல் படிக்கப் போன முதல் ஆள் அவள். நான் புரியாமலே எழுதித் தோற்றேன். அவளுக்கு வேறு வியாதி. புரியாததை எழுத மாட்டாள். "ஏன் அப்படி வருது?" என்று வகுப்பில் எழுந்து கேட்பாளாம். "மலையில இருந்து வந்துட்டு கேள்வி வேறயா?" என்று உட்கார வைத்துவிடுவார்களாம். பரீட்சையில் பாதிக் கேள்வியை வெறுமனே விட்டுவிட்டு வருவாள். இப்போது இந்தப் பள்ளியில் தற்காலிக வேலை. பெற்றோர் ஆசிரியர் கழகம் கொடுக்கிற சம்பளம்.

சேர்ந்து படிப்பது என்று முடிவு செய்தோம். தலைமையாசிரியர் ஆரோக்கியசாமி சாரிடம் அனுமதி கேட்கப் போனோம். திருச்சிப் பக்கத்துக்காரர். தமிழாசிரியராக இருந்து உயர்ந்தவர். பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் இடம் இரண்டு வருடமாகக் காலி.

"கல்யாண வயசே தாண்டிப் போச்சு, இன்னும் மொத செமஸ்டரத் தாண்டலியா ரெண்டு பேரும்?" என்றார். பிறகு, "ஆறு மணி வரைக்கும் இருங்க. ஆனா கதவும் ஜன்னலும் தொறந்தே இருக்கணும்" என்றார்.

"பனி உள்ள வருதுங்க சார்" என்றாள் பழனியம்மா.

"வரட்டும்."

அதனால்தான் அந்த ஆய்வகத்தை நினைத்தாலே எனக்கு முதலில் குளிர்கிறது.

வளைவில் யார் தள்ளியது

அவள் ஒரு சட்டம் போட்டாள். செய்து பார்க்க முடிகிற எதையும் செய்து பார்க்காமல் படிக்கக் கூடாது. எனக்கு எரிச்சலாக வந்தது. "நாள் இல்லீங்க. உருப் போட்டுத் தள்ளிட்டுப் போலாம்" என்றேன்.

"பதினோரு தடவ உருப் போட்டீங்களே, எங்க தள்ளுனீங்க?" என்றாள்.

நான் விளக்கைப் பற்ற வைத்தேன்.

ஒரு சனிக்கிழமை பரீட்சைக்குப் பணம் கட்டக் கீழே போய்விட்டு இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். கொல்லிமலைப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பஸ் திரும்பும்போதெல்லாம் நான் வெளிப்பக்கம் சாய்ந்தேன்.

"இப்ப உங்களத் தள்ளுனது யாருங்க?" என்றாள்.

"மையவிலக்கு விசை" என்றேன். ரெண்டு மார்க் பதில்.

"அது யாரு? எங்க இருக்குது? எனக்குக் காட்டுங்க."

நான் சுற்றிலும் பார்த்தேன். காட்ட ஒன்றும் இல்லை.

"யாரும் தள்ளலீங்க" என்றாள். "நீங்க நேராப் போயிட்டு இருக்கீங்க. உங்க ஒடம்பு நேராவே போகப் பாக்குது. பஸ்ஸு திரும்புது. பஸ்ஸு வந்து உங்க மேல இடிக்குது. நீங்க என்னமோ உங்களத் தள்ளிட்டாங்கன்னு நெனச்சுக்கறீங்க."

அடுத்த வளைவில் கண்ணை மூடிக்கொண்டு கவனித்தேன். அவள் சொன்னது சரி. பஸ்ஸின் தகரம்தான் வந்து என் தோளில் இடித்தது. அதற்கடுத்த வளைவு மறுபக்கம் திரும்பியது. இந்த முறை இடித்தது தகரம் இல்லை. அவள் தோள்.

"அப்ப இது?" என்றேன்.

"இதுவும் அதேதான். நகந்து உக்காருங்க."

"எங்க நகர்றது? இது ரெண்டு பேர் சீட்டுங்க."

கண்டக்டர் பொறுக்க முடியாமல், "ஏனுங்க, பாடம் படிக்கறதா இருந்தா ஊட்ல போயிப் படிங்க. நானே வாந்தி எடுக்கறவங்களுக்குப் பை குடுத்து மாளாம நிக்கறேன்" என்றார்.

இருபது வருடமாகப் புத்தகத்தில் இருந்த ஒரு விஷயம் அன்றைக்குத்தான் என் உடம்புக்குள் வந்தது. இப்போதும் அந்தப் பாதையில் பஸ்ஸில் போகிறேன். எழுபது வளைவிலும் தகரம் மட்டும்தான் இடிக்கிறது.

ஒன்பது குற்றவாளிகள்

தெர்மாமீட்டருக்கு வருகிறேன்.

புதிதாகத் தெர்மாமீட்டர் வந்தால் ஐஸில் வைத்துப் பார், கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பார் என்று ஆய்வகக் கையேட்டில் போட்டிருந்தது. யாரும் செய்ய மாட்டார்கள். பழனியம்மா செய்வாள். ஐஸில் வைத்தால் பூஜ்யம் சரியாகக் காட்டும். கொதிநீரில் வைத்தால் நூறு காட்டாது. சில வருடங்களில் இப்படி ஒன்பதைப் பழுது என்று எழுதி ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தாள். வேலையை ஒழுங்காகச் செய்கிற ஆள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

விற்ற கடைக்காரருக்கு ஃபோன் போட்டு நானும் ஒருநாள் சத்தம் போட்டேன். "எங்க கடையில வெச்சா நூறு காட்டுதுங்க. அங்க வந்தா உங்களப் பாத்து அதுக்கு என்ன வெக்கமா?" என்றார் அவர்.

அந்த ஒன்பதாவதை ஞாயிற்றுக்கிழமை கீழே எங்கள் ஊர் ராசிபுரத்துக்கு எடுத்துப் போனேன். கடைக்காரரின் முகத்தில் எறிய வேண்டும் என்றுதான் எடுத்தேன். கடை பூட்டியிருந்தது. வீட்டுக்குப் போனேன். அம்மா அடுப்பில் உலை வைத்திருந்தார். சும்மா அதில் விட்டுப் பார்த்தேன்.

"ஏஞ்சாமி, சுடுதண்ணிக்குக் காச்சலான்னு பாக்கறயா?" என்றார் அம்மா.

பாதரசம் தொண்ணூற்றாறைத் தாண்டியது. தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பதையும் தாண்டி நூறை ஒட்டிப் போய் நின்றது.

நான் அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தெர்மாமீட்டர் அதேதான். தண்ணீரும் தண்ணீர்தான். மாறியது இடம் மட்டும்தான்.

மலைமேல் காற்றின் அழுத்தம் குறைவு. மேலே அமுக்குகிற காற்று லேசாக இருந்தால் தண்ணீர் சீக்கிரமே, குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். "கொதிநிலை அழுத்தத்தைச் சார்ந்தது." இந்த வரியை நான் பரீட்சையில் நான்கு முறை எழுதியிருக்கிறேன். நான்கு முறையும் முழு மார்க் வாங்கியிருப்பேன். அதே நான்தான் மலைமேல் கொதிக்கிற தண்ணீருக்கு முன்னால் நின்றுகொண்டு தெர்மாமீட்டர் செய்தவனைக் களவாணி என்று திட்டினேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினேன். மாலை வரை பொறுக்க முடியவில்லை. பள்ளிக்குப் போய் வகுப்பு நடக்கும்போதே அவளை வெளியே கூப்பிட்டுச் சொன்னேன். மூச்சு வாங்கியதில் பாதி வார்த்தை விழுந்துவிட்டது.

அவள் முழுதும் கேட்டாள். பிறகு, "அய்யோ, ஒம்பது பேரக் குத்தவாளி ஆக்கிப்புட்டேனே" என்றாள்.

அன்று மாலை அட்டைப்பெட்டியைத் திறந்தோம். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்தோம். ஒன்பதையும் நூலில் கட்டி வரிசையாக உள்ளே விட்டோம். ஒன்பதும் தொண்ணூற்றாறில் போய் நின்றன. ஒன்றுகூட முன்னே பின்னே இல்லை. அவள் ஒவ்வொன்றாகக் குனிந்து படித்தாள். ஆவி பட்டு அவள் நெற்றி முடியெல்லாம் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. "தொண்ணூத்தாறு. தொண்ணூத்தாறு. இதுவும் தொண்ணூத்தாறு" என்று அவள் சொல்லச் சொல்ல நானும் கூடவே சொன்னேன். சிறுபிள்ளைத்தனம்தான். ஆனால் என் வாழ்க்கையில் யாருடைய நோட்டையும் பார்க்காமல் நான் கண்ட முதல் விடை அது.

ஆரோக்கியசாமி சார் எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னோம். அவர் குவார்ட்டர்ஸில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்.

"அதனாலதான் இங்க பருப்பு வேகவே மாட்டேங்குதா?" என்றார்.

"ஆமாங்க சார். தண்ணிக்குச் சூடு பத்தலீங்க."

"அப்ப தப்பு பருப்பு மேலயும் இல்ல, என் மேலயும் இல்ல" என்று சந்தோஷமாகப் போனார்.

பழனியம்மா ரிஜிஸ்டரை எடுத்து ஒன்பது வரிகளுக்கும் நேராக நீல மையில் எழுதினாள். "பழுது இல்லை. இடம் உயரம்."

இரண்டு மார்க்குக்கு மூன்று பக்கம்

பரீட்சை கீழே ஒரு கல்லூரியில். மலைமேல் செம்மேட்டிலிருந்து இருட்டு விலகுமுன் பஸ் ஏறினோம். அவளுக்கு ஒரு ஹால், எனக்கு ஒரு ஹால்.

கேள்வித்தாளைப் பிரித்தேன். இரண்டு மார்க் பகுதியில் நான்காவது கேள்வி. ஒரு திரவத்தின் கொதிநிலை எதனால் மாறுகிறது?

ஒரே வரி எழுதிவிட்டுப் போயிருக்க வேண்டும். நான் எழுதியது மூன்று பக்கம்.

என் ஓட்டை ஆங்கிலத்தில் எழுதினேன். மலையை எழுதினேன். ஒன்பது தெர்மாமீட்டரை எழுதினேன். அம்மாவின் உலையை எழுதினேன். பருப்பையும் விடவில்லை. கடைக்காரரைத் திட்டியது தப்பு என்றுகூட எழுதினேன். கை வலிக்கவில்லை. சுற்றி யாரும் இருப்பதே தெரியவில்லை. பதினோரு முறை அடுத்தவன் வார்த்தையை எழுதிய கைக்கு ஒருமுறை சொந்த வார்த்தை கிடைத்தது. அது நிற்கவில்லை.

"அரை மணி நேரம்தான் இருக்கு" என்று மேற்பார்வையாளர் சொன்னபோது ஐந்து பதினாறு மார்க் கேள்விகளில் மூன்று மிச்சம் இருந்தன. ஒன்றை எழுதினேன். இன்னொன்றில் படம் மட்டும் போட்டேன்.

வெளியே வந்தபோது எனக்குச் சந்தோஷம். அதுதான் கேவலம். வேப்ப மரத்தடியில் நின்றவளிடம் ஓடிப் போய், "கொதிநிலை வந்துச்சுங்க பாத்தீங்களா? மூணு பக்கம் எழுதினேன்!" என்றேன்.

அவள் முகம் மாறியது. "மூணு பக்கமா? அது ரெண்டு மார்க்குங்க."

"தெரியும்."

"பதினாறு மார்க்குல எத்தன உட்டீங்க?"

"ஒண்ணுதான்" என்றேன். அது முதல் பொய்.

பாஸ்

முடிவு சில மாதம் கழித்து வந்தது. ஒரு டிரான்ஸ்ஃபார்மர் அடியில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். பதிவு எண்ணைப் போட்டேன். பக்கம் மெதுவாக இறங்கியது. நான்கு மார்க் குறைவு. கடைசி வாய்ப்பும் போனது.

ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு ஆபீஸுக்கு நடந்தேன். வாசலில் பழனியம்மா நின்றிருந்தாள். அரை ஓட்டமாக வந்திருக்கிறாள். செருப்பெல்லாம் செம்மண்.

"பாஸுங்க!" என்றாள். "அறுபத்தி ஒண்ணு! பாத்துட்டீங்களா? உங்களுது?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

"பாஸ்" என்றேன்.

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நல்ல வேளைங்க" என்றாள். செருப்பிலிருந்த செம்மண்ணை விரலால் சுரண்டினாள். "ஓசூர்ல ஒரு கம்பெனியில என் கூடப் படிச்சவ இருக்கறா. கருவிகளச் சோதிக்கற பிரிவுல எடம் இருக்குது, சர்ட்டிபிகேட்டோட வாடின்னா. போறதா வேண்டாமான்னு ரெண்டு நாளா மண்டைய ஒடைச்சுக்கிட்டு இருந்தேன்."

"போகாம? இங்க என்ன வெச்சிருக்கு உங்களுக்கு?"

"நீங்க பாஸாகலீன்னா போக வேண்டாம்னு இருந்தேங்க."

"ஏன்?"

"ஏன்னா என்னங்க? இருந்திருப்பேன். அவ்ளோதான்." எழுந்து புடவையைத் தட்டினாள். "இனி நீங்களும் கீழ எறங்கிருவீங்க. அப்பறம் எனக்கு மட்டும் இங்க என்ன வேல?"

சொல்ல வேண்டிய இடம் அது. இரண்டு நிமிடத்துக்கு முன்னால் சொன்ன ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டால் போதும். நான் வாங்கவில்லை.

அவளுக்கு இத்தனை வருடம் கழித்துக் கிடைத்ததை நான் கெடுக்கக் கூடாது என்று நினைத்தேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அதுவும் கொஞ்சம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரியது வெட்கம். சேர்ந்து படித்தவள் ஜெயித்துவிட்டாள், நான் மறுபடியும் தோற்றேன் என்பதை அவளிடம் சொல்ல என்னால் முடியவில்லை. நான் அவ்வளவுதான்.

இரண்டு வாரத்தில் அவள் போனாள். பஸ் கிளம்பும்போது ஜன்னலில் தலையை நீட்டி, "சீக்கிரம் எறங்குங்க! கீழ தண்ணி நூறுல கொதிக்குமுங்க!" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் கையை ஆட்டினேன்.

அப்புறம் ஃபோன் வரும். "ப்ரமோஷன் வந்துருச்சுங்களா?" என்பாள். "லிஸ்ட் இன்னும் வரலீங்க" என்பேன். ஒரு வருடம் லிஸ்ட் வராமலே இருந்தது. அப்புறம் ஃபோன் வருவது குறைந்தது. ஒருநாள் நின்றுவிட்டது. அவளுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று யாரையும் கேட்டதில்லை. பதிலுக்குப் பயம்.

பள்ளிக்கு இப்போது இயற்பியல் ஆசிரியர் வந்துவிட்டார். ஆய்வகத்தில் எப்போதாவது ஃபியூஸ் போகும். போய்ப் போடுவேன். ஜன்னல் சாத்தியிருக்கும். உள்ளே பனி இருக்காது. எனக்கு அந்தக் குளிர் வேண்டும். குடுவைமேல் குனிந்து யாராவது எண்ணைச் சொல்ல வேண்டும். "அது யாரு? எனக்குக் காட்டுங்க" என்று என்னை மடக்க வேண்டும். பதவியும் சம்பளமும் கிடைக்காமல் போனதற்கு நான் இவ்வளவு ஏங்கியது இல்லை. புரியாததைப் புரியவில்லை என்று சொல்ல, பக்கத்தில் ஒரு ஆள் இருந்தார். அந்த ஆளிடம்தான் பொய் சொன்னேன்.

போன மாதம் ஃபோனில் ஒரு செய்தி வந்தது. புது நம்பர். "உங்க தொடர் படிக்கிறேங்க. அந்தப் பாம்புக் கதைக்கு ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சாங்க. பேருக்குக் கீழ உதவிப் பொறியாளர்னு ஏன் போடலீங்க? கூச்சமா?" கடைசியில் பழனியம்மா என்று இருந்தது.

இருபது நாள் பதில் போடவில்லை. நாலு தடவை அடித்தேன், நாலு தடவை அழித்தேன். நேரில் சொல்லும் யோக்கியதை அன்றைக்கே போய்விட்டது. ஊரறியச் சொல்வதாவது பாதி தண்டனை என்று இந்த வாரத்தை இதற்கு எடுத்துக்கொண்டேன்.

பழனியம்மா, நான் பாஸ் ஆகலீங்க. நாலு மார்க்குல போச்சு. பதினாறு மார்க் ஒண்ணு உடல, ஒண்ணே முக்கால் உட்டேன். லிஸ்ட்டுன்னு ஒண்ணு வரவே இல்ல. நான் கீழ எறங்கலீங்க. இங்கயேதான் இருக்கேன்.